ஈரத்தின் மேல் பூசிய சுவர்

விடிந்தும் விடியாத ஆறு மணிக்கே பழனியாத்தாள் உப்புத்தாளால் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அவிநாசி சாலையில் எழும்பும் அலுவலகக் கட்டடத்தின் நாலாம் மாடி அது. சுவராக நிறுத்திய இரண்டு ஜிப்சம் பலகைகள் சேருமிடத்தில் டேப் ஒட்டி, பட்டிக் கலவை பூசி, காய்ந்தபின் தேய்த்து, மறுபடி பூசுவோம். மூன்று பூச்சு முடிந்தால் எங்கே சேர்ந்தது என்று தடவினாலும் தெரியக்கூடாது. தேய்க்கும்போது கிளம்பும் வெள்ளைத் தூள் நெஞ்சுவரை இறங்கும். முகக்கவசம் கேட்டதற்கு, "முந்தானையைக் கட்டிக்குங்க அம்மணி" என்றார் காண்ட்ராக்டர் மருதாசலம். கருமத்தம்பட்டியில் தறி நின்றுபோய் வந்தவள் அவள். வேறு வழியில்லாமல் கட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மருதாசலம் வந்தார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தார். சேர்ந்த இடமெல்லாம் மேலிருந்து கீழ்வரை விரிசல். பத்து மணிக்கு இன்ஜினியர் பார்வையிட வருகிறார்.

"ஏனுங்க அம்மணி, டேப்பு வரைக்கும் தேச்சுப்போட்டீங்களா?"

"மெதுவாத்தானுங்க தேச்சேன்."

"நாளையிலிருந்து வராதீங்க. இன்ஜினியர்கிட்டயும் உங்க பேரைத்தான் சொல்லுவேன். இனி இந்த ஊருல எவன் வேலை குடுக்கறான்னு பாக்கறேனுங்க."

எங்கள் ஊரில் வயிற்றில் அடிக்கிறவனும் 'ங்க' போட்டுத்தான் அடிப்பான். அந்த மரியாதையைக் கேட்டால் எனக்குக் குமட்டும். முந்தாநாள் முதல் பூச்சு காய்வதற்குள், "ஃபேனைப் போட்டுட்டு மேல பூசுங்க, நாளில்லை" என்று அவசரப்படுத்தியவர் இதே மருதாசலம்தான். ஒரு பூச்சு காய ஒரு நாளாவது ஆகும், காயாத பட்டியின் மேல் பூசினால் வெடிக்கும் என்று எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும். தெரிந்தும் பூசினோம். இப்போதும் தலையைக் குனிந்து நின்றோம்.

பட்டி கலக்கிக்கொண்டிருந்த ரசாக் பாய் பட்டி இழுக்கும் பிளேடைக் கீழே வைத்தார். முதலாளி முன்னால் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அந்தம்மா மேல தப்பில்லீங்க. பூசுனது நான். நகத்தை வெச்சுப் பார்த்தேன், பதிஞ்சுது. ஈரம்னு தெரிஞ்சேதான் பூசுனேன். பூசச் சொன்னது நீங்க."

"பாய், உங்களுக்கும் வேலை வேண்டாமுங்களா? விரிசல் மேல தடிமனா ஒரு இழுப்பு இழுங்க. இன்ஜினியர் பார்த்துட்டுப் போகட்டும்."

"மாட்டேனுங்க."

"அந்தப் பக்கத்துச் சுவரை ஈரத்துல பூசுனது நானுங்க," என்றேன். மருதாசலத்தின் காதில் விழவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "சன்னலோரம் என்னதுங்க," என்றாள் என் பக்கத்தில் நின்ற பொற்கொடி. பூசிய மற்றவர்களும் ஒவ்வொருவராக அப்படியே சொன்னார்கள்.

"அப்ப அத்தனை பேரும் கீழ எறங்குங்க!"

"எறங்க மாட்டோமுங்க," என்றாள் பழனியாத்தாள். "இன்ஜினியர் வாரவரைக்கும் சுவரு இப்படியே இருக்கட்டும்."

விரிசலுக்கு முதுகைக் கொடுத்து வரிசையாக உட்கார்ந்தோம். மருதாசலம் போனில் கத்தினார். எட்டரைக்கு பீளமேட்டில் அவர் எடுத்திருந்த இன்னொரு கட்டட வேலையிலிருந்து நாலு பேர் பட்டி வாளியோடு படியேறி வந்தார்கள்.

"இவங்களை நகத்திட்டுப் பூசுங்க, சீக்கிரம்!"

முன்னால் வந்த தமிழ்ச்செல்வன் எங்களைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"எத்தனை மணி நேரம் காயவிட்டீங்க?"

"நாலு," என்றார் ரசாக் பாய்.

"எங்களுக்கு மூணுதானுங்க குடுத்தாரு."

வாளியைக் கீழே வைத்தான். பழனியாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

பத்து மணிக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. வேலை போய்விடும் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பதின்மூன்று பேர் சாய்ந்திருந்த அந்தச் சுவரில், மருதாசலத்துக்கு நின்று பூசி மறைக்க ஓர் அடி இடம்கூட மிச்சமில்லை.