நாற்பத்தோராவது தாள்

சுப்ரியாவின் இடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் வினோதாவுக்கு வயிறு எரியும். இருவருக்கும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு, வாடகைக்கு ஒரே அறை. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த வினோதா மூச்சைப் பிடித்தால்தான் யூனிஃபார்ம் கோட்டுக்குப் பித்தான் போட முடியும். விருதுநகர்க்காரி சுப்ரியாவுக்கோ அதே கோட்டு நாளுக்கு நாள் தொளதொளத்தது. லைனில் இருக்கிற அத்தனை பெண்களும், "எப்படிடீ இப்படி ஆன?" என்று அவளிடம்தான் ரகசியம் கேட்பார்கள். வினோதாவிடம் யார் எதைக் கேட்டார்கள்?

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, கை. நன்றாகப் படம் வரைவாள். ஷிப்டு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் திம்மராயன் சார் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் அனிமேஷன் படித்தாள். அது இரண்டாயிரத்து ஆறு. கம்பெனியின் ஆரோக்கிய வாரத்துக்கு உடற்பயிற்சி பற்றி ஒரு சின்னக் கார்ட்டூன் வேண்டுமென்று கேட்டு வந்தார்கள். சார் அந்த வேலையை வினோதாவிடம் கொடுத்தார். பேர் வாங்க இதைவிட்டால் வேறு சமயம் இல்லை. ஆனால் கயிறு தாண்டும் பெண்ணுக்கு மாடல்? வேறு யார், அந்த மகராசிதான்.

சுப்ரியா தினமும் விடிந்ததும் மொட்டை மாடியில் ஆயிரம் முறை கயிறு தாண்டுவாள். காய்ச்சல் அடித்தாலும் தாண்டுவாள். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு வினோதா நாளுக்கு ஒரு தாள் வரைந்தாள். முதல் தாளை அடியில் வைத்து, அளவு பார்த்துத்தான் அடுத்ததை வரைய வேண்டும் என்பது சார் சொன்ன பாடம். வினோதா கேட்கவில்லை. அந்த இடுப்பு இன்றைக்கு எவ்வளவு என்று கண்ணால் அளந்து, அப்படியே தாளில் இறக்கினால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

மதியம் கேன்டீனில் சுப்ரியா தன் முட்டையை இவள் தட்டில் தள்ளுவாள். "நீ சாப்பிடுடீ, எனக்கு இறங்கல." என்னைக் குண்டாக்கிவிட்டு இவள் மட்டும் ஒல்லியாக நிற்கப் பார்க்கிறாள் என்று கருவிக்கொண்டே வினோதா அந்த முட்டையைத் தின்பாள்.

நாற்பது தாளையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஓட்டினார்கள். கயிறு சுற்றியது. தாண்டத் தாண்ட அந்தப் பெண் கரைந்துகொண்டே போனாள். கன்னம் போனது, தோள் போனது, கடைசியில் கழுத்தெலும்பும் முழங்காலும்தான் குதித்தன.

"அளவு தப்பிப்போச்சும்மா. மொதல்ல இருந்து வரையணும்" என்றார் திம்மராயன் சார்.

"தப்பல சார். இப்படியேதான் நடந்திருக்குது" என்றாள் வினோதா. பொறாமையில் அளந்த அளவு நூலிழைகூடத் தப்பாது. நாற்பது நாளும் கூடவே இருந்து பார்த்தாள், முட்டையை வேறு தின்றாள்.

மறுநாள் சுப்ரியாவைக் கூட்டிவந்து போட்டுக் காட்டினாள். அவள் பயப்படவில்லை. முகம் மலர்ந்து திரையையே பார்த்தாள்.

"கடைசிலதான் அழகா இருக்கேன்ல? இன்னும் கொஞ்சம் கொறச்சுட்டா சரியாயிரும்."

நேற்றுவரை வினோதாவும் இதையேதானே நினைத்தாள்! அந்த இடுப்புக்கு ஆசைப்பட்டு ஒரு வாரமாக ராத்திரிச் சோற்றைக்கூட நிறுத்தியிருந்தாள். தன்னை நினைத்தே சீ என்றிருந்தது.

பென்சிலை எடுத்து இன்னொரு தாள் வரைந்தாள். ஸ்கேன் செய்து, நாற்பதுக்குப் பின்னால் சேர்த்து ஓட்டி, அந்தத் தாளிலேயே படத்தை நிறுத்தினாள். திரையில் கயிறு மட்டும் அந்தரத்தில் நின்றது.

சுப்ரியா திரைக்குக் கிட்டத்தில் குனிந்து தேடினாள். "நான் எங்கடீ?"

"கொறச்சிட்டன். நீதான கேட்ட?"

சுப்ரியா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை துழாவி வந்து வினோதாவின் கையைப் பிடித்தது. வெறும் எலும்பு, ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"ரகசியம் கேட்டாளுகள்ல, அவளுகளுக்கு இதப் போட்டுக் காட்டு" என்றாள். "அதுக்கு முன்னாடி என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போடீ."