வாய் நிறைய குண்டூசி

1
இந்தக் கதை என் கால்சட்டையிலிருந்து பிறந்தது, மறைப்பதற்கில்லை. வயதானால் ஆள் குள்ளமாகிறான். கால்சட்டை அப்படியே இருக்கிறது. நீளத்தைக் குறைக்கப் போனேன். தையல்காரம்மா என் காலடியில் உட்கார்ந்து, உதட்டில் கவ்விய குண்டூசிகளை உருவி மடிப்பில் குத்தினார். உதடு வெடித்து வீங்கியிருந்தது, விரல்களில் கொப்புளம். வாயில் நாற்பது ஊசிகள். (பன்னிரண்டுதான். எழுதும்போது பெருகிவிட்டன.)

2
முதல் தொடக்கம்: "புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் அவர்—"
அந்த வரியை அடித்து நீக்கிவிட்டேன். அந்த நெடி அவருக்கு ஆகாது, தலை சுற்றும்.

இரண்டாவது: "பினாயில் போட்டுத் துடைத்த தரையில்—"
இதுவும் ஆகாது. புதுத்துணி வாசனைக்கே கண் எரிகிறவர்.

மூன்றாவது: திறந்த ஜன்னலோரம் அவர் தைத்துக்கொண்டிருந்தார்.
இது நிற்கட்டும்.

3
தையல்காரம்மாவை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்கார அம்மா சொல்லிவிட்டார்: "இந்தக் கையோட துணியத் தொட்டா வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க? ஒரு மாசம் பாரு. சரியாகலன்னா வேற ஆள் வச்சுக்கறேன்."

இருபத்திரண்டு வருடமாகத் தையல்காரம்மாவுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வீட்டில் சோப்பு, பவுடர், சென்ட் எல்லாம் வெளியே போயின.

"அடுத்து நானா?" என்றார் கணவர்.

"நீங்க தினம் குளிச்சா இருக்கலாம்."

வெட்டுவதற்கு முன் துணியை அலசினார். கண் எரிச்சல் அடங்கியது. உதட்டு வெடிப்பும் விரல் கொப்புளமும் அசைந்து கொடுக்கவில்லை.

4
எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க டாக்டர் அவர் முதுகில் வரிசையாக மருந்துப் பட்டைகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்தார். இரண்டு இடம் சிவந்திருந்தது. ஒன்று, துணி கசங்காமலிருக்கப் போடும் ரசாயனம். இன்னொன்று நிக்கல் என்னும் உலோகம். ஒரு சின்ன புட்டி கொடுத்தார்: பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, பஞ்சு ரோஸ் நிறமானால் அதில் நிக்கல் உண்டு.

தையல்காரம்மா கடையையே தேய்த்தார். கத்தரி, இல்லை. மெஷின் தகடு, இல்லை. விரல் கவசம், ரோஸ்.

சாப்பாடு கொண்டுவந்த கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் தேய்ச்சுட்ட. வாயில இருக்கறத?"

அத்தனை நேரமும் உதட்டில் ஊசிகள்.

பஞ்சு நல்ல ரோஸ்.

"டாக்டர் கேட்டாரே, வாயில என்னென்ன வைப்பேன்னு. சாப்பாடு மட்டும்தான் சொன்னேன்."

"நீ பேசினாலே குத்தும். இப்பத்தான் காரணம் தெரியுது."

(இந்தக் கணவர்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு கூர்மையான ஆளில்லை. இதற்கு முன் எழுதியபோது டாக்டரே கண்டுபிடித்தார். படித்துப் பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது.)

5
ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் கவ்விகள். விரலுக்குத் தோலுறை.

முடிவு அ: வேலை போகிறது, சொந்தக் கடை போடுகிறார், கூட்டம் அடுத்த ஊர்வரை நிற்கி—
கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: மறுநாள் காலை எழுந்து பார்த்தால் கை பளிங்குபோல—
இதை என் மனைவியே நம்பவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மாதக் கெடுவில் இருபத்தேழாம் நாள். உதடு ஆறிவிட்டது. எட்டு விரல்களில் புதுத்தோல். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்பு மீதி. கடைக்கார அம்மா கண்ணாடியை மாட்டி, அந்தக் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"ம்..." என்கிறார்.

அடுத்த வார்த்தையை நான் எழுதினால் கூட்டிச் சொல்லிவிடுவேன். என் வாகு அப்படி. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை எடுக்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: வெட்டும் மேசையில், நேற்று தையல்காரம்மா வீட்டுக்குப் போன பிறகு வந்த புதுத்துணி ஒன்று, அலசிக் காயவைத்து மடித்திருக்கிறது. தையல்காரம்மா இன்று இப்போதுதான் கடைக்குள் நுழைந்தார்.