ஏப்ரல் மாத விலை

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. டோக்கியோவில் ஒரு மகள் ஒரு மணி நேரம் காத்திருந்த கதை இது. சின்னக் கதைதான், தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அப்பாவை உள்ளே வைத்துத் தகன உலையின் இரும்புக் கதவு மூடியதும் ஷிஹோ கைப்பையைத் திறந்து, கடிதம் இருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள். எரிந்த எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கலயத்தில் வைக்கக் கூப்பிட ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

காத்திருக்கும் அறையில் அத்தை தொமியே பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் எழுதி எழுதியே வட்டியைப் பூஜ்யமாக்கிட்டான். என் தபாலாபீஸ் சேமிப்பு பத்து வருஷமா தூங்குது. திட்டலாம்னா இப்ப கதவைச் சாத்திக்கிட்டான்."

ஷிஹோவின் கணவன் குனிஹிரோ சிரிக்கவில்லை. அவன் ஷிஹோவின் அப்பாவிடம் படித்த மாணவன். வட்டியைக் குறைத்தால் விழுந்து கிடக்கும் விலைகள் எழும், தொழில்கள் பிழைக்கும் என்று மாமனாரோடு சேர்ந்து ஆய்வெழுதியவன். அந்த ஆய்வை வைத்துத்தான் மத்திய வங்கியின் ஆலோசனைக் குழுவுக்கு அவன் பெயர் போயிருந்தது.

இறப்பதற்கு முந்தின நாள் அப்பா மருத்துவமனைக் கட்டிலில் பழைய விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்க பாரு, இந்த ஏப்ரல்லதான் விற்பனை வரி ஏறிச்சும்மா. விலை ஏறினது அதனால. அதைக் கழிக்காம, வட்டி குறைஞ்சதால ஏறிச்சுன்னு எழுதிட்டோம்." ஆய்விதழுக்கு எழுதிய திருத்தக் கடிதத்தில், கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினார். பக்கத்தில் குனிஹிரோவின் முத்திரைக்கு இடம் விட்டார். ஆய்விதழ் தகனத்துக்கு மறுநாளே அச்சுக்குப் போகிறது. இரண்டு முத்திரையும் இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

தாழ்வாரத்தில் ஷிஹோ கடிதத்தை நீட்டினாள்.

"அடுத்த இதழ்ல போடலாம்," என்றான் குனிஹிரோ. "குழு முடிவாகட்டும்."

"அதுக்குள்ள நீங்க அங்க உட்கார்ந்து, இதே கணக்கை வச்சு வட்டி சொல்லுவீங்க."

"மாமா மருந்து மயக்கத்துல இருந்தார். அவர் பார்த்தது சரியான்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். நேத்து நீங்க வரியைக் கழிச்சுப் போட்டுப் பார்த்த தாள் குப்பைக்கூடையில இருந்துச்சு."

அவன் சுவரைப் பார்த்தான். "இன்னிக்குப் பூ வச்சவனெல்லாம் நாளைக்கு உங்கப்பாவைப் பார்த்துச் சிரிப்பான், ஷிஹோ."

"அப்பா குத்திட்டுப் போயிட்டார். காலியா இருக்கறது உங்க இடம்."

உள்ளே கூப்பிட்டார்கள். எலும்புகள் கிடந்த தட்டின் சூடு முகத்தில் அடித்தது. பாதத்திலிருந்து தொடங்கினார்கள். ஷிஹோவும் குனிஹிரோவும் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்தார்கள். அவன் பக்கம் நழுவப் பார்த்தது.

"மெதுவா," என்றாள்.

"நீ விட்றாதே."

கலயம் வரைக்கும் இருவரும் விடவில்லை.

வாடகைக் காரில் ஏறும் முன் குனிஹிரோ கையை நீட்டினான். ஷிஹோ கடிதத்தைக் கொடுத்தாள். அதைக் கார்க் கதவின் கண்ணாடியில் வைத்து, கோட்டுப் பையிலிருந்த முத்திரையை எடுத்து அழுத்தினான்.

மை காயவில்லை. மடித்தால் அப்பிக்கொள்ளும். காரில் அவள் மடியிலிருந்த, அப்பாவின் கலயம் வைத்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிமேல் கடிதத்தை விரித்து வைத்தாள்.

"என்னடி அது? என் வட்டி ஏறுமா?" என்றாள் தொமியே பின்னாலிருந்து.

"தபாலாபீஸ்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க, விரைவுத் தபால் ஒண்ணு போடணும்," என்றான் குனிஹிரோ ஓட்டுநரிடம்.

ஷிஹோ குனிந்து, முத்திரையின் சிவப்பு வட்டத்தின்மேல் மெல்ல ஊதிக்கொண்டே வந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் ஒருவர் தூக்கியதை மற்றவர் கைவிடாதிருக்கட்டும். உலை கொதிக்க, பிள்ளைகள் சிரிக்க, எல்லாரும் நல்லா இருங்க.