சுண்டுவிரல்

மூன்றாவது தடவையும் வலக்கைச் சுண்டுவிரல் பியானோக் கட்டையிலிருந்து வழுக்கியபோது ஜெயகௌரி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். விரல் அங்கேதான் இருந்தது. அது இருக்கிற உணர்வுதான் இல்லை. கிள்ளிப் பார்த்தாள். பஞ்சைக் கிள்ளியதுபோல இருந்தது.

வெளிநாடு போன சிநேகிதி விட்டுச்சென்ற டிஜிட்டல் பியானோ அது. அச்சுவேலியில் மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும், யாரோ ஒருத்தி வாசிக்கும் கைகளைக் கைபேசி வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாற்பது வயதுக்குமேல் தானாகப் பழகத் தொடங்கினாள். நெடுநாள் இடக்கை வலக்கையின் பின்னாலேயே இழுபட்டது. பிறகொரு பின்னேரம், எப்படியென்று தெரியாமலே, இரண்டும் பிரிந்து தத்தம் வழியில் போயின. சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்துபோய் முகம் கழுவினாள்.

அந்த வலக்கைதான் இப்போது மரத்துப்போனது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை நழுவியது. பிறகு கை மெலிந்தது. பிறகு பேச்சுப் போனது. கடைசிவரை அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டவள் இவள்தான். ஒருவருக்கும் சொல்லாமல் பியானோவைத் துணியால் மூடினாள். கடையில் மருந்துக் குளிசைகளை இடக்கையால் எண்ணினாள்.

கணவன் கஜானன் சில நாட்கள் பொறுத்துப் பார்த்தான்.

“ஏனப்பா இப்ப வாசிக்கிறேல்லை?”

“அலுத்துப்போச்சு.”

“பொய் சொல்லாதை. சோத்தையும் கரண்டியாலை எல்லோ சாப்பிடுறாய்.”

அப்போதுதான் அழுதாள். “அம்மான்ரை நரம்பு வருத்தம் எனக்கும் வந்திட்டுது போலை.”

விடிந்ததும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டொக்டர் இளம்பெண். அம்மாவின் கதையைக் கேட்டு, ஊசியால் குத்தி, நரம்பில் மின்சாரம் வைத்து எல்லாம் சோதித்தாள். “உந்தக் கையாலை வேறை என்ன செய்யிறனீங்கள்?”

ஜெயகௌரிக்கு வெட்கமாக இருந்தது. “பியானோ வாசிக்கிறனான். சும்மா, நானாப் பழகினது.”

“இந்த மேசையிலை வாசிச்சுக் காட்டுங்கோ.”

அவள் வாசித்தாள். டொக்டர் குனிந்து பார்த்துவிட்டு, மணிக்கட்டில் ஓரிடத்தை அழுத்தினாள். சுர்ரென்று சுண்டுவிரல் நுனிவரை ஓடியது.

“கதிரை பதிவோ அக்கா, உயரம் காணாதோ?”

“சாப்பாட்டு மேசையிலை வைச்சு, பிளாஸ்ரிக் கதிரையிலை இருந்துதான்...”

“அதுதான். மேசை விளிம்பிலை கையை ஊண்டி ஊண்டி நரம்பை நசிச்சுப்போட்டியள். கொஞ்ச நாள் ஓய்வு குடுங்கோ. பிறகு உயர இருந்து வாசியுங்கோ.”

“அப்ப அம்மான்ரை...?”

“உங்களுக்கு அந்த வருத்தம் இல்லையக்கா. வடிவாச் சோதிச்சுப் பாத்திட்டன்.”

வாசலில் கஜானன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். “கதிரை பதிவாம்,” என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. “கதிரை பதிவாமப்பா!” என்று உரக்கச் சொல்லிச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழகத் தொடங்கிய முதல் நாளே விசயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் சொல்லியிருப்பார். கைபேசியில் அந்தக் கைகள்தான் தெரிந்தன. கதிரையை ஒருநாளும் காட்டவில்லை. கோபமும் வந்தது, ஆனால் அது சிரிப்புக்குள் கரைந்துபோயிற்று.

மரப்பு மெல்ல மெல்ல விட்டது. ஒரு ஞாயிறு பின்னேரம் கஜானன் ஒன்றன்மேல் ஒன்றாகக் கதிரைகளை அடுக்கி, மேலே தலையணையும் போட்டு, அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டான். “விழுந்திடாதை.” மணிக்கட்டு இப்போது எதிலும் படவில்லை. சுண்டுவிரலை மட்டும் கட்டையில் வைத்து அழுத்தினாள். குளிர்ச்சி தெரிந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. அது அடங்கும்வரை விரலை எடுக்காமல் இருந்தாள்; நிலத்துக்கு எட்டாத கால்கள் இரண்டும் கீழே மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.