நவம்பரில் ட்வைலா ஜெயிப்பாளா

எங்கள் கட்சிக்காரர்கள் நல்லவர்கள்தான். சண்டை போடமாட்டார்கள், போட்டாலும் நடுவில் எழுந்துபோய்க் காப்பி பிடித்துக்கொண்டு வருவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் ஹால்வர் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் அறுபத்தோரு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். நவம்பரில் வரும் மினசோட்டா மாநிலச் சட்டசபைத் தேர்தலுக்கு எங்கள் தொகுதியில் யாரை நிறுத்துவது என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். முப்பத்தேழு ஓட்டு வாங்குகிறவருக்குக் கட்சி ஆதரவு. தோற்கிறவர் ஆகஸ்டில் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கிக்கொள்வார் என்று இரண்டு பேருமே மைக்கில் சொல்லியாகிவிட்டது. ஆக, அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

ஒருத்தி ட்வைலா. நாற்பத்துநாலு வயது. மளிகைக் கடையில் இறைச்சி வெட்டுகிறவள். சம்பளமில்லாமல் ஊர் ஆம்புலன்ஸும் ஓட்டுகிறாள். இன்னொருவர் வெஸ்லி, ரிட்டயர்டு தலைமையாசிரியர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை, எதையும் முடிவாகச் சொன்னதும் இல்லை. பல்லெல்லாம் அழகாக இருக்கும்.

என் பெயர் ஆர்லோ. ட்வைலாவை ஆதரித்துப் பேச வேண்டும் என்று அவளே என் வீட்டுக்கு வந்து கேட்டாள். காரணம் என் மனைவி கொலீன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவை மூடினார்கள். மூடிய இரண்டாவது மாதம் கொலீனுக்கு மாரடைப்பு. அடுத்த ஆஸ்பத்திரி ஐம்பத்திரண்டு மைல். வெளியே பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஆம்புலன்ஸை ட்வைலாதான் ஓட்டினாள். இன்னும் பதினோரு மைல் இருக்கும்போது கொலீன் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் ட்வைலாவுக்கு இந்த எண்ணமே வந்தது. சட்டசபைக்குப் போக வேண்டும், அந்தப் பிரிவைத் திறக்க வைக்க வேண்டும். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். வெஸ்லியிடம் கேட்டால், "அதை ஆராயலாம்" என்பார்.

எனக்கா? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தேன். எழுதிக்கொண்டு போனதை மைக்கில் வாசித்தேன். முன்வரிசையில் மூக்கைச் சிந்தினார்கள். நான் வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் சுற்று: ட்வைலா முப்பத்தொன்று, வெஸ்லி முப்பது. யாருக்கும் எட்டவில்லை. இரண்டாம் சுற்றுக்கு முன் அரைமணி நேரம் விவாதம் என்று அறிவித்தாள் தலைவி மார்லிஸ். அங்கே ஆரம்பித்தது வினை.

"எனக்கு ட்வைலாவ ரொம்பப் பிடிக்கும். ஆனா ரோஸ்டாட் பக்கம் ஜனங்க ஒரு மாதிரி. ரெண்டு புருஷன விட்டவளுக்கு அங்க எவன் ஓட்டுப் போடுவான்?" என்றார் எங்கள் ஊர்த் தபால்காரர் ஜெரால்ட்.

ரோஸ்டாட்டிலிருந்து வந்த அம்மாள் விருட்டென்று எழுந்தாள். "எங்க ஊர்ல அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல சார். நானே ரெண்டு பேரை விட்டவதான். உங்க ஹால்வர்க்காரங்கதான் அவ பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி குடிச்சிட்டுக் கார் ஓட்டி லாக்கப்புல இருந்ததையே இன்னும் பேசுறீங்களாம்."

"நாங்க எங்கம்மா பேசுறோம்? ஏரிக்கரைல வீடு வச்சிருக்காங்களே, அவங்கதான் பேசுவாங்க."

ஏரிக்கரைக்காரர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு கேசரோல் தட்டோடு எழுந்து, தங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை என்றும், பண்ணைக்காரர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். பண்ணைக்காரர்கள் கிழவர்களைக் காட்டினார்கள். கிழவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்களைக் காட்டினார்கள். அங்கே இருந்த ஒருவருக்கும் அவள் மேல் குறையில்லை. குறை சொல்லப்போகிறவன் எவனோ ஒருவன், அந்த அரங்கில் மட்டும் இல்லாதவன். அவனுக்காக அறுபத்தோரு பேரும் இப்படிப் பதறினார்கள்.

ட்வைலா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கறி வெட்டும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு யாரிடமோ இரவல் வாங்கிய நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். கோட்டின் தோள் அவளுக்குக் கொஞ்சம் பெரிசு. கெட்ட வார்த்தை அவளுக்கு நுனிநாக்கில் நிற்கும், அன்றைக்கு ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அப்போதுதான் ஜெரால்ட் என் பக்கம் திரும்பினார்.

"ஆர்லோ, இங்க இருக்கறவங்கள்ல உன்னைவிட அவளுக்குக் கடமைப்பட்டவன் எவனும் கெடையாது. நீ பொய் சொல்ற ஆளும் இல்ல. அதனாலதான் உன்னையே கேக்குறேன். நெஞ்சுல கைவச்சுச் சொல்லுப்பா. நவம்பர்ல அவ ஜெயிப்பாளா?"

மார்லிஸ் மைக்கை என்னிடம் கொடுத்தாள்.

யார் வேண்டும் உனக்கு என்று கேட்டிருந்தால் ட்வைலா என்று சொல்லியிருப்பேன், சத்தியமாக. அதை யாரும் கேட்கவில்லை. ஜெயிப்பாளா என்றுதான் கேட்டார்கள். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ரோஸ்டாட், ஏரிக்கரை, பண்ணைகள். முகம் தெரியாத ஆட்களாக ஒவ்வொருத்தராய் நினைத்துப் பார்த்தேன், எவனும் சரி என்று தலையாட்டவில்லை.

"கஷ்டம்தான்" என்றேன்.

"சரியாக் காதுல விழல."

"கஷ்டம்தான்னு சொன்னேன். அவ ஜெயிக்கிறது கஷ்டம்."

ட்வைலா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் எண்ணைப் படிக்கிற மாதிரி படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டுச்சீட்டு வந்தது. பென்சிலை எடுத்தேன். ஜெயிக்கமாட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு அவள் பெயரை எழுதினால் நான் என்ன மனுஷன் என்று பட்டது. அந்த முட்டாள்தனம் அப்போது நேர்மை மாதிரி இருந்தது. வெஸ்லி என்று எழுதி மடித்துப் போட்டேன்.

வெஸ்லி நாற்பத்தொன்று. ட்வைலா இருபது.

எல்லாரும் கைதட்டினார்கள். வெஸ்லி பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொன்னார். ஆஸ்பத்திரியைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "எல்லாத் தரப்பையும் கேட்டு ஆராயணும்" என்றார். அதற்கும் கைதட்டல்.

வாசலில் வரிசை கட்டி நின்றது கூட்டம். வெஸ்லிக்கு இல்லை, ட்வைலாவுக்கு. ஒவ்வொருத்தராக அவள் கையைப் பிடித்தார்கள்.

"என் மனசு முழுக்க உன் பக்கம்தான்டி, தெரியுமில்ல?" என்று கட்டிப்பிடித்தாள் ரோஸ்டாட் அம்மாள்.

"நான் மட்டும் முடிவு பண்றதா இருந்தா நீதாம்மா" என்றார் ஜெரால்ட். கண் கலங்கியிருந்தது அந்த மனுஷனுக்கு. நடிப்பில்லை. அதுதான் கொடுமை.

ட்வைலா எல்லாருக்கும் "தேங்க்ஸ்" சொன்னாள். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னவர்களை எண்ணிக்கொண்டு வந்தேன், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். இரவல் கோட்டைக் கழற்றிச் சுருட்டிப் பின்சீட்டில் எறிந்துகொண்டிருந்தாள்.

"ட்வைலா."

"சொல்லுங்க ஆர்லோ. உங்க மனசும் என் பக்கம்தானா?"

"நான் வெஸ்லிக்குத்தான் போட்டேன்."

"தெரியும். பரவால்ல, நீங்க ஒருத்தராவது மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களே." கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. "எதுக்கு?"

"அதான் சொன்னேனேம்மா. நீ ஜெயிக்கமாட்டேன்னு தோணிச்சு."

"ஜெயிச்சிருக்கமாட்டேன்தான், போல. யாருக்குத் தெரியும்." ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். ஒரு விரலில் கத்தி கீறின தழும்பு. "ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு வழி நெடுக நீங்க பின்னாடியிருந்து கேட்டுக்கிட்டே வந்தீங்க, பொழைப்பாளா, பொழைப்பாளான்னு. நாப்பது மைல் கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"ஏத்தும்போதே கூட வந்த நர்ஸ் என்கிட்ட தலைய ஆட்டிட்டா ஆர்லோ. கஷ்டம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வண்டிய எடுத்தேன்."

அவள் சாவியைத் திருகினாள். நான் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.