மண்டபத்தை விட்டு இறங்காத ராஜாங்கம்

எண்பத்தாறாம் வருஷச் சித்திரையில் இடஒதுக்கீடு கேட்டுக் கள்ளக்குறிச்சி சாலையில் ஆயிரம் பேர் உட்கார்ந்தார்கள். பேப்பரில் வந்ததோ கச்சிராயபாளையத்து ராஜாங்கத்தின் முகம் மட்டும். லாரி முன்னால் மல்லாந்து படுத்திருந்தார். மூன்றாம் பக்கம், தீப்பெட்டி அளவுப் படம். அதற்கே மனுஷனுக்குத் தலை கல்வராயன் மலைக்கு மேலே போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் மனைவி அமிர்தத்துக்கு நிம்மதி போயிற்று. ராஜாங்கம் டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒருவன் பார்க்காமல் தாண்டினால் அடுத்த ஊர் வரை துரத்துவார். எருமைக்குக்கூடக் காட்டினார், அது பேப்பரை நக்கியதை முத்தம் என்றே வைத்துக்கொண்டார். சோறு இறங்கவில்லை. பதினோரு நாளாகத் தூக்கமில்லை. ஓடிய நேரம் போக மீதியெல்லாம் அழுகை.

"விழுப்புரத்துல மனசு டாக்டர் இருக்காராம். ஒருவாட்டி போயி வரலாங்க."

"எனக்கு இன்னாடி? ஊருக்குத்தான் கண்ணு தெரியல."

வைகாசியில் இன்னொரு மறியல். பிடித்தவர்களை வழக்கம்போலக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, பெயர் எழுதி, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ராஜாங்கம் மட்டும் நகரவில்லை. "போட்டோக்காரர் வராம நான் எப்டி விடுதலையாவறது?" என்று மேடையேறி உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் கும்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அங்கே முகூர்த்தம். போட்டோக்காரர் வந்தே விட்டார்.

அமிர்தம் முதல் பஸ் பிடித்து வந்து பார்த்தால், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே ராஜாங்கம் முஷ்டியை உயர்த்தி நிற்கிறார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெரியப்பா என்று. இரண்டு பக்கமும் போட்டி போட்டுச் சந்தனம் பூசியதில் ஆள் விக்கிரகம் மாதிரி இருந்தார்.

"இன்னா கோலம் இது? எறங்குங்க!"

"இரு, இன்னும் மூணு படம் பாக்கி."

மணப்பெண் எழில்மதிக்குப் பொறுக்கவில்லை. "அய்யே, யாரு இவரு? காலைலேர்ந்து என் மூஞ்சிய மறைச்சிக்கினு!"

உடனே நாற்பது பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அமிர்தம் புருஷனை இழுத்துக்கொண்டு சமையல்கட்டின் பின்பக்கம் ஓடினாள். அங்கே, அண்டாக்களுக்கு நடுவே, அவர் குந்திவிட்டார்.

"யாரும் பாக்காதப்ப நான் இருக்கறனா இல்லியான்னே தெரியல, அமிர்தம்."

"இருவது வருசமா நான் பாத்துக்கினுதான இருக்கறேன்?"

"நீ பாக்கறது வூட்டுக்குள்ள..."

அமிர்தத்துக்குச் சுருக்கென்றது. ஓர் அறை விடலாமா என்றிருந்தது. ஆனால் இப்படியே வீட்டுக்குக் கூட்டிப் போனால் இன்னொரு தூக்கமில்லாத ராத்திரி.

"அந்த விழுப்புரம் டாக்டரு படம் புடிப்பாராம்," என்றாள்.

"இன்னா படம்?"

"தலைய. மண்டையோட்டுக்கு உள்ளார வரைக்கும். பேப்பர்காரன் எவனுக்கும் அது வராதாம்."

ராஜாங்கம் நிமிர்ந்தார். "பெருசா போடுவாங்களா?"

"ஜன்னல் அகலம்."

அண்டாத் தண்ணியில் முகம் கழுவி, சீப்பு கேட்டு வாங்கி, அமிர்தத்துக்கு முன்னால் ஓடிப் போய் பஸ்ஸில் ஏறினவர் அவர்தான். எலவனாசூர்கோட்டை தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்:

"ரெண்டு பேரையும் சேத்து எடுப்பாங்களாடி?"

"கேட்டுப் பாக்கலாம்," என்றாள் அமிர்தம், அவர் சட்டை நுனியை விடாமல்.