ராய்ஸ் சொன்ன பதினோரு ஆமாம்

அன்றைக்குத் தபால் பெட்டியில் ஒன்பது உறைகள் இருந்தன. எட்டைத் திறக்காமலே பழைய காகிதக் கூடையில் வீசினாள் மார்லிஸ் காங்கஸ். அக்டோபர் தொடங்கியதிலிருந்து தினமும் இதே கதைதான், எல்லாம் மருத்துவக் காப்பீட்டு விளம்பரங்கள். நரைத்த தலையும் வெள்ளைப் பற்களுமாக ஏதாவது ஒரு தம்பதி கடற்கரையில் சிரித்தபடி, பல் வைத்தியம் இலவசம், கண்ணாடி இலவசம், உடனே அழையுங்கள் என்று கூப்பிடுவார்கள். தொலைபேசி வேறு காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டு வேளை வரை ஓயாது.

ஒன்பதாவது உறை கனமாக இருந்தது. பிரித்தாள். 'அன்புள்ள ராய்ஸ், எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு' என்று ஒரு கடிதம். அதோடு பளபளப்பான அட்டை ஒன்று. அட்டையில் அவள் கணவரின் முழுப்பெயர், ஜனவரி ஒன்று என்ற தேதி, அவள் கேள்விப்பட்டே இராத ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்.

"ராய்ஸ்!"

ராய்ஸ் கொட்டகையில் பனி தள்ளும் எந்திரத்துக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை கத்தியதும்தான் திரும்பினார்.

"இந்த கார்டு எப்படி வந்துச்சு?"

"காத்தா? வடக்கேருந்துதான். நாளைக்குப் பனி கொட்டும் பாரு."

மார்லிஸ் அட்டையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"ஓ, அந்தப் பொண்ணு அனுப்பியிருக்கு," என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"போன வாரம் போன் பண்ணுச்சு. நீ கடைக்குப் போயிருந்த. ரொம்ப மரியாதையான பொண்ணு. நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னமோ கேட்டுச்சு. ஆமான்னேன்."

"என்ன கேட்டுச்சுன்னு தெரியாம எதுக்கு ஆமான்னு சொன்ன?"

"எத்தனை தடவைதான் 'என்ன? என்ன?'ன்னு கேக்கறது மார்லிஸ்? அது நல்லாவா இருக்கும்?"

அவள் வீட்டுக்குள் வந்து, சமையலறை நாற்காலியில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

இரண்டு மாதமாக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஏழு வருடமாக இருவரும் வைத்திருந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஜனவரியிலிருந்து இந்த மாவட்டத்தைவிட்டே போகிறோம் என்று அக்டோபரில் ஆளுக்கொரு கடிதம் போட்டுக் கையைக் கழுவிவிட்டது. ஏரிக்கரை ஊர்களில் வயதானவர்கள் அதிகம், ஆஸ்பத்திரிகள் தூரம், கட்டுப்படியாகவில்லையாம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் தரும் மெடிகேர் காப்பீடு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது டாக்டர் செலவில் ஐந்தில் நாலு பங்கைத்தான் கட்டும். மிச்சத்துக்கு இரண்டு வழி. மாதாமாதம் பணம் கட்டி ஒரு துணைக் காப்பீடு வாங்கிக்கொண்டால் எந்த டாக்டரிடமும் போகலாம். இல்லையென்றால் மெடிகேரையே ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் பட்டியலில் இருக்கும் டாக்டரிடம் மட்டும் போக வேண்டும். பல், கண், காது என்று சில்லறைச் சலுகைகள் அதில்தான் கிடைக்கும்.

ராய்ஸ் மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தவர். நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். டுலூத் நகரத்தில் இருக்கும் டாக்டர் ஹோல்ம்பெர்க்தான் அன்றிலிருந்து பார்த்துவருகிறார். ஒன்றரை மணி நேரப் பயணம். ராய்ஸ் வேறு யாரிடமும் சட்டைப் பொத்தானைக் கழற்றமாட்டார். அந்த டாக்டரை விடக்கூடாது என்பதற்காகவே மார்லிஸ் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க எழுதி அடித்து, துணைக் காப்பீடுதான் சரி என்று முடிவுக்கு வந்திருந்தாள். சாதாரணமாக இதய நோயாளிகளுக்குத் துணைக் காப்பீடு தரமாட்டார்கள். ஆனால் பழைய திட்டம் தானாக ஊரைவிட்டுப் போனால் கொஞ்ச காலத்துக்கு யாரும் மறுக்க முடியாது. அதற்கு அத்தாட்சி, அந்த அக்டோபர் கடிதம். ராய்ஸுக்கு வந்த கடிதத்தை ராய்ஸே சானா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பைப் பற்றவைக்கப் பயன்படுத்திவிட்டார். நகல் கேட்டு வாங்க மூன்று வாரம். அது போன திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. இப்போது இந்த அட்டை. புதுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் கடிதமாவது ஒன்றாவது.

அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் போட்ட பியானோவை நாற்பது நிமிடம் கேட்ட பிறகு ஒருவன் வந்தான்.

"டாக்டர் ஹோல்ம்பெர்க் எங்க பட்டியல்ல இல்லைங்க மேடம். பக்கத்துல பார்த்தா மினியாபொலிஸ்ல ஒரு நல்ல டாக்டர் இருக்காரு."

"பக்கத்துலயா? நாலு மணி நேரம்! தம்பி, பனிக்காலத்துல இந்த ரோட்டுல நீ வண்டி ஓட்டியிருக்கியா? நான் முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ."

"புரியுதுங்க மேடம்."

"சரி, அவர் பேரை எடுத்துடு. எங்களுக்கு இது வேண்டாம்."

"அதை சார்தான் சொல்லணும். நீங்க சொல்ல முடியாதுங்க. அவர் பதினோரு கேள்விக்கு ஆமான்னு சொல்லியிருக்காரு. எல்லாம் பதிவாகியிருக்கு."

"அவர் கல்யாணத்தன்னிக்குக்கூட அத்தனை ஆமா சொன்னதில்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராய்ஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். திட்டத்தை மாற்றிக்கொள்ளும் கெடு முடிய இன்னும் ஐந்து நாள். மெடிகேர் விஷயத்தில் இலவசமாக வழி சொல்வதற்கென்று ஆர்ஃபா டூப்ரே அங்கே வாரத்தில் ஒரு நாள் உட்காருவார். எழுபத்தெட்டு வயதுப் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், எந்தக் கம்பெனியிடமும் ஒரு காசு வாங்காதவர். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பின்னறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாற்காலிகள் முழங்கால் உயரம். ராய்ஸ் அதில் உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் காதுக்கு வந்தன.

மார்லிஸ் மூச்சு விடாமல் நடந்ததையெல்லாம் கொட்டினாள். ஆர்ஃபா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதறாத. டிசம்பர் ஏழாம் தேதி வரைக்கும் கடைசியா என்ன சொல்றமோ அதுதான் செல்லும். மெடிகேருக்கே போன் போடுவோம். ஆனா பேச வேண்டியது ராய்ஸ்."

"அதானே வம்பு," என்றாள் மார்லிஸ்.

ஆர்ஃபா போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்தார். இருபது நிமிடம் கழித்து ஓர் ஆள் வந்தான்.

"வணக்கம் சார். உங்க பிறந்த தேதியச் சொல்லுங்க."

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார் ராய்ஸ்.

"பொறந்த தேதி, ராய்ஸ்! பொறந்த தேதி!"

"மேடம், சாரே சொல்லட்டும்."

"கேட்டாச் சொல்லுவாரு! அவருக்குத்தான் கேக்கலையே!"

"எனக்கு நல்லாவே கேக்குது," என்றார் ராய்ஸ் எரிச்சலோடு. பிறகு பிறந்த தேதியைச் சொன்னார்.

"நன்றி சார். இந்தப் புதுத் திட்டத்துலேருந்து நீங்க விலகணும்னு நினைக்கிறீங்களா?"

"ஆமாமா. நேத்து ஒரு நல்ல அடி விழுந்துச்சு. இன்னிக்கும் விழும் போலிருக்கு."

மறுமுனையில் இருந்தவன் பதறிவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், உங்களை யார் அடிக்கிறாங்க? நீங்க இப்போ பத்திரமான இடத்துல இருக்கீங்களா?" என்றான்.

"பனியச் சொல்றாருய்யா!" மார்லிஸ் மேசையை ஓங்கித் தட்டினாள். "ஒரு அடி பனி! நான் இன்னும் யாரையும் அடிக்கல!"

அவன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். மறுபடி பியானோ. அதுவும் பாதியில் அறுந்து, கீ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

மார்லிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "நாலு வருஷமா சொல்றேன் ஆர்ஃபா," என்றாள் திரும்பாமலே. "காத டாக்டர்கிட்ட காட்டு, காட்டுன்னு. எனக்கென்னன்னுட்டு உக்காந்திருக்காரு. பேசறதெல்லாம் ரெண்டு தடவை, மூணு தடவை. என் குரலே கத்திக் கத்தி மாறிப்போச்சு. வீட்டுக்கு வர்ற பேரன் பேத்திங்க, பாட்டி ஏன் எப்பவும் திட்டிட்டே இருக்கான்னு கேக்குதுங்க."

ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ விழுந்திருக்க வேண்டும்.

ஆர்ஃபா எழுந்தார். மூலையில் இருந்த பிள்ளைகளின் வெள்ளைப் பலகையை இழுத்துவந்து, யாரோ வரைந்திருந்த கரடியை அழித்துவிட்டு, பேனா மூடியைத் திறந்தார். மறுபடி எண்ணை அழுத்தினார். இந்த முறை முப்பத்தைந்து நிமிடம். ஒரு பெண் வந்தாள். ஆர்ஃபா முதலிலேயே விஷயத்தைச் சொன்னார்: நீங்கள் கேட்பதை நான் பலகையில் எழுதுவேன், அவர் படித்துத் தன் வாயால் பதில் சொல்வார், இடையில் யாரும் பேசமாட்டோம். அந்தப் பெண் சரி என்றாள்.

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேள்விகள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்தன. ராய்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்துப் படித்து, தெளிவாகப் பதில் சொன்னார். பெயர். முகவரி. மெடிகேர் எண். புதுத் திட்டம் வேண்டாமா? வேண்டாம். பழையபடி அரசாங்க மெடிகேருக்கே போகிறீர்களா? போகிறேன். மாத்திரைகளுக்குத் தனித் திட்டம் வேண்டுமா? வேண்டும், ஆர்ஃபா எழுதிவைத்திருக்கிற அதுதான்.

கடைசியாக அந்தப் பெண் கேட்டதை ஆர்ஃபா கொஞ்சம் தயங்கித்தான் எழுதினார்: 'யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?'

ராய்ஸ் அதை இரண்டு முறை படித்தார். மார்லிஸைப் பார்த்தார். அவள் இன்னும் வாயைப் பொத்தியபடியே இருந்தாள்.

"இல்லம்மா," என்றார் போனைப் பார்த்து. "யாரும் கட்டாயப்படுத்தல. நான்தான் புரியாம ஆமான்னு சொல்லிட்டேன். எனக்குக் காது கேக்கல. கொஞ்ச வருஷமாவே கேக்கல."

"புரியுது சார். நேரில சொன்னதுக்கு நன்றி," என்றாள் அந்தப் பெண். அது தொலைபேசி என்பதை யாரும் திருத்தவில்லை. உறுதிப்படுத்தும் எண் ஒன்றைத் தந்தாள். ஆர்ஃபா எழுதிக்கொண்டார்.

போனை வைத்ததும் துணைக் காப்பீட்டு விண்ணப்பத்தை ராய்ஸ் முன் நகர்த்தினார் ஆர்ஃபா. நகல் கடிதத்தோடு சேர்த்து ராய்ஸ் கையெழுத்துப் போட்டார். "இனி ஹோல்ம்பெர்க்கை யாரும் உன்கிட்டேருந்து பிடுங்க முடியாது," என்று ஆர்ஃபா அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "ஒண்ணு மட்டும். இதுல காது மெஷினுக்குப் பணம் வராது. கையிலேருந்துதான் போடணும்."

"கார்டு அனுப்பின பொண்ணு சொன்னதுல வருமோ?" என்றார் ராய்ஸ்.

ஆர்ஃபா அட்டையோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். "வரும். ரெண்டு காதுக்கும்."

மார்லிஸ் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராய்ஸுக்குத் தெரியவில்லை; அவளுக்கே தெரிந்திருக்காது.

"சரி, உன்னோடது?" என்று கேட்டார் ஆர்ஃபா.

"என்னோடது என்ன?"

"உன் திட்டமும்தானே போகுது. நீ எதுல சேர்ந்த?"

மார்லிஸ் தலையைத் தூக்கினாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ராய்ஸின் மாத்திரைகள், ராய்ஸின் டாக்டர், ராய்ஸின் கருவி. தன்னுடையது சுலபம், ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். அவளுக்கு வந்த அக்டோபர் கடிதம் பையின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"இன்னிக்கு என்னால முடியாது ஆர்ஃபா. இன்னொரு கேள்வி யாராவது கேட்டா நான் ஏரியில குதிச்சுடுவேன்."

ராய்ஸ் அவள் கையிலிருந்து நோட்டை வாங்கினார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் தேடி, மேலே பெரிய எழுத்தில் 'மார்லிஸ்' என்று எழுதினார். "நீ சும்மா உக்காரு. நான் எழுதறேன். மெதுவா, என்னைப் பார்த்துச் சொல்லு. என்னென்ன மாத்திரை சாப்பிடற?"

அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். முட்டி வலிக்கு ஒன்று. தைராய்டுக்கு ஒன்று. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று.

அவர் பேனாவை நிறுத்தினார். "ரத்த அழுத்தமா? எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன் ராய்ஸ்," என்றாள் மார்லிஸ். "காப்பி குடிக்கும்போது சொன்னேன். நீ 'ஆமா, ஆமா'ன்னு தலையாட்டின."

ஆர்ஃபா எழுந்து, தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போனார்.

ராய்ஸ் பேனாவை மறுபடி தாளில் வைத்தார். பிறகு, "அந்த மாத்திரை பேரச் சொல்லு," என்றார். அவள் சொன்னாள். அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், கத்தாமல். அவர் ஒவ்வோர் எழுத்தாக எழுதி, சரிதானா என்று அவளிடம் காட்டினார்.

சனிக்கிழமை மார்லிஸும் அதே துணைக் காப்பீட்டில் சேர்ந்தாள். பிப்ரவரியில் டாக்டர் ஹோல்ம்பெர்க்கைப் பார்க்க டுலூத்துக்குப் போனார்கள். வரவேற்பில் இருந்த பெண் புது அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உட்காருங்கள் என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக ஐந்து மாதம். மார்லிஸுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அட்டையைப் பிடுங்கிக் கடித்துத் துப்பவும் தோன்றியது. திரும்பும் வழியில் காது பார்க்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னது ராய்ஸ்தான்.